விழுந்ததா, போட்டீர்களா: ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மனு எழுதும் கடை

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து காசிமேட்டுப் பக்கமாக நடந்தால், ஒரு மருந்துக் கடையை அடுத்து, ஆறடி அகலத்துக்கு மேல் இராத ஒரு தட்டச்சுக் கடை வரும். பெயர்ப்பலகையில் எழுத்துகள் வெயிலில் வெளுத்துவிட்டன. மனு, புகார்க் கடிதம், காப்பீட்டு விண்ணப்பம், வட்டாட்சியர் அலுவலகப் படிவங்கள் எல்லாவற்றையும் எழுதித் தருகிறார்கள். வடசென்னையில் இப்படிப்பட்ட கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் நான்கு மாதங்களில் மூன்று முறை இந்தக் கடைக்குப் போய்வந்த பிறகு இதைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. காரணம், இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர், அறுபது வயதைக் கடந்தவர், நடந்தது எப்படி நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வினைச்சொல்லைக்கூடத் தட்டச்சு செய்வதில்லை.

நான் முதலில் போனது என் கைபேசிக்காக. வாங்கும்போதே தற்செயலாக ஏற்படும் சேதத்துக்கு ஓராண்டுப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கும் பணம் கட்டியிருந்தேன். ஒரு நாள் காலை தெருவிலுள்ள அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது என் தங்கை அழைத்தாள். கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, நிரம்பிய குடத்தைத் தூக்குவதற்காகக் குனிந்தேன். அது நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. திரை முழுவதும் சிலந்தி வலை போல விரிசல். அன்று மாலையே நிறுவனத்துக்கு நானே கடிதம் எழுதினேன். ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் 22 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறவள் நான். ஒரு கடிதம் எழுத இன்னொருவரிடம் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. "குடத்தைத் தூக்கும்போது கைபேசியைக் கீழே போட்டுவிட்டேன்" என்று எழுதினேன். பத்து நாள் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. வாடிக்கையாளர் தாமே கைபேசியைத் தரையில் எறிந்ததாக எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், இது வேண்டுமென்று செய்த சேதம், எனவே திட்டத்தின் கீழ் வராது என்றிருந்தது. என் தமிழ்க் கடிதத்தை யாரோ அங்கே ஆங்கிலமாக்கியிருக்கிறார்கள். "போட்டுவிட்டேன்" என்பது "எறிந்தேன்" ஆகிவிட்டது. வாடிக்கையாளர் மையத்துக்கு இரண்டு முறை போனேன். எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியாது, மேல்முறையீடு மட்டும் செய்யலாம் என்றார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா இந்தக் கடையைச் சொன்னார்.

பெரியவர் என் கடிதத்தையும் வந்த பதிலையும் இரண்டு முறை படித்தார். பிறகு விசைப்பலகையைத் தொடாமலே கேட்டார்: "நீங்க போட்டீங்களாம்மா, அது விழுந்துச்சா?"

"விழுந்ததுதான் சார்."

"அப்புறம் ஏன் போட்டேன்னு எழுதினீங்க?"

எல்லோரும் அப்படித்தானே சொல்வோம் என்றேன். உண்மையும் அதுதான். குழந்தை தட்டைக் கீழே போட்டுவிட்டது, பாட்டி கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார் என்று நாள்தோறும் சொல்கிறோம். யாரும் எறிந்ததாக நமக்குத் தோன்றுவதில்லை. "போட்டேன்" என்பதோடு ஒட்டிக்கொண்டு வரும் அந்த "விட்டேன்" என்ற துணைவினைதான், இது நான் எண்ணிச் செய்ததில்லை, கைமீறி நடந்துவிட்டது என்பதைக் கேட்பவருக்கு உணர்த்துகிறது. இதே "விட்டேன்" வேறிடத்தில் வேலை முடிந்ததையும் சொல்லும்: "கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேன்" என்றால் அதில் வருத்தம் எதுவும் இல்லை. எது எந்தப் பொருளில் வருகிறது என்பதைத் தமிழ் கேட்டு வளர்ந்த காது பிரித்துக்கொள்கிறது. பெரியவர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "உங்க காதுக்குக் கேக்குதும்மா, அவங்க காகிதத்துக்குக் கேக்காது."

அதன் பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. கை ஈரமாக இருந்ததா, கைபேசி கையில் இருந்ததா தோளில் இருந்ததா, குனிந்தபோது நழுவியதா நிமிர்ந்தபோதா, தரை மண்ணா சிமெண்டா, அருகில் யார் நின்றார்கள். இருபது நிமிடம் ஆனது. கடைசியில் அவர் எழுதிய வாக்கியம் இது: "காதுக்கும் தோளுக்கும் இடையில் நான் பிடித்திருந்த கைபேசி, நீர் நிரம்பிய குடத்தைத் தூக்க நான் குனிந்தபோது நழுவி, சிமெண்டுத் தரையில் விழுந்து, அதன் திரை உடைந்தது." இந்த வாக்கியத்தை நான் வீட்டுக்கு வந்து பலமுறை படித்தேன். நான் செய்தவை இரண்டே செயல்கள், பிடித்ததும் குனிந்ததும். அவை இரண்டும் மறைக்கப்படாமல் அதில் இருக்கின்றன. நான் செய்யாதவை மூன்று. நழுவியதும் விழுந்ததும் கைபேசி, உடைந்தது திரை. அந்த மூன்று வினைகளுக்கும் நான் எழுவாய் இல்லை. ஒரு மேல்முறையீட்டுக் கடிதத்தில் இதைவிட நேர்மையான வாக்கியத்தை எழுத முடியும் என்று நான் நினைக்கவில்லை.

மெய்ப்புத் திருத்தும்போது "உடைந்தது", "உடைத்தது" என்ற இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த ஓர் எழுத்தை ஆயிரக்கணக்கான முறை சரிபார்த்திருக்கிறேன். ந் இருந்தால் தானாக ஆனது, த் இருந்தால் ஒருவர் ஆக்கியது. கிழிந்தது கிழித்தது, சாய்ந்தது சாய்த்தது, கவிழ்ந்தது கவிழ்த்தது, அறுந்தது அறுத்தது. உருண்டது உருட்டினான், கலங்கியது கலக்கினாள் என்பவற்றில் வடிவம் வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். மொழியியலாளர் கு. பரமசிவம் 1979-இல் வெளியான ஒரு நூல் முழுவதையும் தமிழின் இந்த இணைகளுக்காகவே எழுதியிருக்கிறார். நான் அதையெல்லாம் இலக்கணமாக மட்டுமே பார்த்து வந்தேன். ஓர் எழுத்து மாறினால் ஒருவருக்குப் பணம் கிடைக்காமல் போகும், ஒருவர்மீது பழி விழும் என்று இந்தக் கடையின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

அதே முக்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் ஓர் அம்மா. இடது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்காக வந்திருந்தார். அவருடைய மகன் நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்த வரி: "மீன் வெட்டும்போது கையை வெட்டிக்கொண்டார்." இதில் என்ன தவறு என்று தமிழ் தெரிந்த யாருக்கும் தோன்றாது. கையைச் சுட்டுக்கொண்டேன், காலை இடித்துக்கொண்டேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று நாம் சொல்வதெல்லாம் விரும்பாமல் நேர்ந்தவையே. ஆனால் இதே "கொண்டார்" தான், ஒருவர் வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டார் என்பதற்கும் வருகிறது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால் விபத்துக் காப்பீட்டில் பணம் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது வரையறையிலேயே, விபத்து என்பது திடீரென்று, எதிர்பாராமல், ஒருவருடைய விருப்பமின்றி, வெளியிலிருந்து வந்த, கண்ணுக்குப் புலப்படுகிற, வன்மையான காரணத்தால் நேர்ந்த நிகழ்வாக இருக்க வேண்டும் என்றுதான் உள்ளது. விருப்பமின்றி என்ற அந்த ஒரு சொல்லைக் கடிதத்தின் வினைதான் தாங்கி நிற்க வேண்டும்.

பெரியவர் அந்த அம்மாவிடம் கேட்டது: "கத்தி விரல்மேல வந்துச்சா, விரல் கத்திமேல போச்சா?" அவர் சற்று யோசித்து, "மீன் வயுக்கிச்சு சார், கை போயி அருவாமணைல பட்டுச்சு" என்றார். பட்டது என்ற சொல்லை அவரே கொடுத்துவிட்டார். "மீன் வழுக்கியதால் விரல் அரிவாள்மணையில் பட்டு வெட்டுப்பட்டது" என்று கடிதத்தில் ஏறியது.

இந்தப் "படு" என்ற வினையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. தொட்டேன் என்றால் நான் செய்தது. கை பட்டது என்றால் அப்படி இல்லை. நெரிசலான பேருந்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரத்தை எந்தப் பெண்ணும் அறிவாள். பார்த்தேன் என்பதற்கு எதிரே கண்ணில் பட்டது இருக்கிறது, கேட்டேன் என்பதற்கு எதிரே காதில் விழுந்தது, நினைத்தேன் என்பதற்கு எதிரே நினைவுக்கு வந்தது. அடித்தான் என்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அடிபட்டது என்பதற்கு வேண்டியதில்லை. உடலுக்குள் நேர்பவற்றில் தமிழ் இன்னும் ஒரு படி போய், ஆளையே எழுவாய் இடத்திலிருந்து நகர்த்தி நான்காம் வேற்றுமைக்குக் கொண்டுபோய்விடுகிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்கு வியர்த்தது, எனக்கு விக்கல் எடுத்தது, எனக்குத் தூக்கம் வந்தது. பசியும் விக்கலும் நான் செய்பவை அல்ல, எனக்கு வருபவை என்று மொழியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது முறை போனது, கடையைச் சொன்ன அதே பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக. அவருடைய மாமனார் குளியலறையில் விழுந்து, மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து இறந்துபோனார். விபத்துக் காப்பீடு இருந்தது. துக்கத்தில் இருந்த வீட்டில் யாரோ அவசரமாக எழுதிக் கொடுத்த முதல் கடிதத்தில் "குளியலறையில் மயங்கி விழுந்தார்" என்றிருந்தது. மயங்கி விழுந்தால் காரணம் உடலுக்குள் இருக்கிறது, வெளியில் இல்லை, ஆகவே இது நோய், விபத்து ஆகாது என்று நிறுவனம் திருப்பி அனுப்பியிருந்தது.

பெரியவர் அக்காவிடம் மிகவும் மென்மையாகப் பேசினார். "விழுந்தத யாராச்சும் பாத்தீங்களா தாயி?" இல்லை, சத்தம் கேட்டு ஓடிப் போனபோது தரையில் கிடந்தார். நினைவு இருந்ததா? இல்லை. தரை எப்படி இருந்தது? சோப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது, அவருடைய ஒரு செருப்பு கதவருகே தலைகீழாகக் கிடந்தது. பின்மண்டையில் காயம். அதற்கு முன் எப்போதாவது தலைசுற்றல் வந்ததுண்டா? இல்லை. இதையெல்லாம் கேட்டபின் அவர் சொன்னது, அக்கா வீட்டார் பார்த்தது விழுந்ததை அல்ல, கிடந்ததை மட்டுமே என்று. மயங்கி விழுந்தார் என்று எழுதியவர், பார்க்காத ஒரு செயலுக்குப் பார்க்காத ஒரு காரணத்தையும் சேர்த்து எழுதிவிட்டார். வழுக்கி விழுந்தார், தடுக்கி விழுந்தார், தலைசுற்றி விழுந்தார் என்ற மூன்றிலும் விழுந்தவருடைய விருப்பம் இல்லைதான். ஆனால் முன்னால் நிற்கும் சின்ன வினையெச்சம் காரணத்தை எங்கே வைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "வழுக்கி விழுந்ததாக எழுதிவிடுங்கள்" என்றார் அக்கா. பெரியவர் அதையும் எழுதவில்லை. "சத்தம் கேட்டுச் சென்றபோது, சோப்புநீர் தேங்கிய தரையில் நினைவிழந்து கிடந்தார், பின்தலையில் காயம் இருந்தது, ஒரு செருப்பு கதவருகே கவிழ்ந்து கிடந்தது" என்று கண்டதை மட்டும் எழுதி, மருத்துவமனைக் குறிப்பின் நகலையும் இணைத்தார். வழுக்கியதா என்பதைத் தரையும் செருப்பும் சொல்லட்டும் என்றார். அந்த மறுபரிசீலனை இன்னும் முடியவில்லை.

நாங்கள் காத்திருந்தபோது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடையை நான் நம்புவதற்கு அதுவே பெரிய காரணம். இருபத்தைந்து வயதிருக்கும் ஓர் இளைஞர், வாங்கிச் சில மாதங்களே ஆன தொலைக்காட்சிப் பெட்டியின் திரை உடைந்ததற்குக் கடிதம் வேண்டும் என்று வந்தார். "கீழ வியுந்து ஒடஞ்சிருச்சுன்னு எழுதிக்குடு சார்." எங்கிருந்து விழுந்தது என்றார் பெரியவர். சுவரிலிருந்து. சுவரில் மாட்டிய ஆணி இருக்கிறதா, பிடுங்கிக்கொண்டு வந்ததா? இளைஞர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ரிமோட்டை எறிந்ததையும் வீட்டில் நடந்த சண்டையையும் சொல்லி, "என்னை அறியாமப் பண்ணிட்டேன்" என்றார். பெரியவர் குரலை உயர்த்தவில்லை. தும்மல் அறியாமல் வரும், கொட்டாவி அறியாமல் வரும், தூக்கத்தில் கை அறியாமல் அசையும். எறிவதற்குக் கை ஓங்க வேண்டும், ஓங்கியது தெரிந்திருக்கும் என்றார். எழுத மறுத்துவிட்டார். பணமும் வாங்கவில்லை. "விழுந்தது" என்ற சொல் அந்தக் கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை. நிகழ்ந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது.

கவனக்குறைவாக என்ற சொல்லைப் பற்றியும் அவர் எச்சரிக்கிறார். பணிவுக்காகப் பலரும் "என் கவனக்குறைவால்" என்று எழுதிவிடுகிறார்கள். சட்டம் வேண்டுமென்று செய்ததையும், அசட்டையால் நேர்ந்ததையும், உரிய கவனத்தோடு இருந்தும் தற்செயலாக நேர்ந்ததையும் தனித்தனியாக வைத்திருக்கிறது, 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்திலும் தற்செயலுக்கு 18ஆம் பிரிவும், அசட்டையால் விளையும் மரணத்துக்கு 106ஆம் பிரிவும் வெவ்வேறாகவே உள்ளன. பணிவு வேறு, ஒப்புதல் வேறு. வழக்குச் சம்பந்தப்பட்ட எதுவானாலும் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரே சொல்லி அனுப்பிவிடுகிறார், அது சரியான நடைமுறை.

குறைகள் இருக்கின்றன. பெரியவர் இல்லாத நேரத்தில் உதவியாளர் எழுதுகிறார். அவர் கணினியில் இருக்கும் பழைய மனுக்களை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறார். மூன்றாவது முறை, எங்கள் தெரு அடிபம்பின் கைப்பிடி உடைந்ததற்காக மாநகராட்சிக்கு மனு எழுதப் போனபோது எனக்கு வாய்த்தவர் அவர்தான். "மேற்படி அடிபம்பின் கைப்பிடி உடைக்கப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தார். கைப்பிடி துருப்பிடித்துத் தானாக முறிந்தது. உடைக்கப்பட்டது என்றால் உடைத்தவர் ஒருவர் இருக்கிறார், பெயர் மட்டும் சொல்லவில்லை என்று பொருள். செயப்பாட்டு வினை எழுதினால் மனு மரியாதையாக இருக்கும் என்று அலுவலகத் தமிழ் நமக்குப் பழக்கிவிட்டது. அது யாரும் செய்யாத செயலுக்குக் குற்றவாளியைத் தேட வைக்கிறது. தமிழில் இதற்குத் தேவையே இல்லை. செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்வது வழக்கு என்று தொல்காப்பியம் விதி சொல்லியிருக்கிறது. திண்ணை மெழுகிற்று, கலம் கழீஇயிற்று என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும் தந்திருக்கிறார்கள். மெழுகியவர் இருக்கும் இடத்திலேயே அவரை விட்டுவிட்டுப் பேச இடம் கொடுத்த மொழியில், உடைத்தவரே இல்லாத இடத்தில் "உடைக்கப்பட்டது" எதற்கு? "முறிந்துள்ளது" என்று மாற்றச் சொன்னேன். மாற்றிக் கொடுத்தார், ஆனால் நான் சொன்ன பிறகுதான். எனவே பெரியவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

தமிழ்க் கடிதம் ஒரு பக்கத்துக்கு 120 ரூபாய், ஆங்கிலம் வேண்டுமென்றால் 200. தமிழுக்கு அந்த விலை குறைவு என்பேன். ஆங்கிலத்தை வேறொருவரிடம் கொடுத்து வாங்குகிறார்கள், அது சுமார்தான். விழுந்தது, போட்டேன் என்ற பேதம் அதில் தங்கியிருக்கிறதா என்று தெரிந்தவர் ஒருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணினியில் இன்னும் பழைய எழுத்துருவே இருப்பதால் கோப்பாக வாங்கினால் வீட்டில் திறக்கும்போது கட்டம் கட்டமாகத் தெரிகிறது, பி.டி.எஃப். ஆகக் கேட்டு வாங்க வேண்டும். உட்கார இரண்டே முக்காலிகள். முழங்கால் வலியுள்ளவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போவது நல்லது.

என் மேல்முறையீட்டை 19ஆம் நாள் ஏற்றுக்கொண்டு திரையை மாற்றிக் கொடுத்தார்கள். மீன் வெட்டும் அம்மாவைப் போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன். விரல் ஆறிவிட்டது, பணமும் வந்துவிட்டதாம்.

காலை நேரத்தில் கூட்டம் அதிகம். மூன்று மணிக்கு மேல் போனால் அவர் பொறுமையாகக் கேள்வி கேட்பதற்கு நேரம் இருக்கும். ஞாயிறு விடுமுறை. நீங்களே எழுதி, திருப்பி அனுப்பப்பட்ட கடிதம் ஏதாவது இருந்தால் கிழித்துவிடாமல் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.